பிலோமினா சிஸ்டரிடம் காட்டிய கைகள்

சேதி வந்தபோது நான் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். சேக்காட்டில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான். வெயில் ஏறிவிட்டால் பம்பு பெருமூச்சு மட்டும்தான் விடும். இரண்டாவது குடம் நிறையப் போகும் நேரத்தில் பழைய கம்பெனி நண்பன் செல்வராஜ் வந்து நின்றான். கொரட்டூரிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கிறான். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான்.

“சிஸ்டர் பூட்டாங்கடா” என்றான்.

“எந்த சிஸ்டர்?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே ஒரு சிஸ்டர்தான்.

முந்தின நாள் மாலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். செல்வராஜ் சொல்லச் சொல்ல நான் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்ற பெண், “அண்ணா, தண்ணி வீணா போவுது பாருங்க” என்ற பிறகுதான் நிறுத்தினேன். கைப்பிடியைப் பற்றியிருந்த என் வலது கையைச் செல்வராஜ் உற்றுப் பார்த்தான். நானும் பார்த்தேன். விரல்கள் பிரிந்தன. இருவருக்கும் மூச்சு வந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறார்கள். சிஸ்டரின் மகள் ஷீலா என்னையும் எழுதச் சொன்னாள். “எங்கம்மா தங்கமானவங்கன்னு எழுத நெறய பேர் இருக்காங்க அங்கிள். நீங்க நடந்தத எழுதுங்க” என்றாள். நடந்ததை எழுதினால் என் வண்டவாளமும் வெளியே வரும். வரட்டும். அவரைப் பற்றி எழுதிவிட்டு என்னை மட்டும் ஒளித்துவைத்தால் அவருக்கே பிடிக்காது.

பிலோமினா சிஸ்டர் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் முதலுதவி அறையில் நர்சாக இருந்தவர். மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டச் சேர்ந்தேன். அவர் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தார். முதல் மாதம் முழுக்க எங்களில் பாதிப்பேர் அவரைக் கன்னியாஸ்திரி என்றே நினைத்திருந்தோம். வெள்ளைப் புடவை கட்டுகிறார், கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறார், எல்லோரும் சிஸ்டர் என்கிறார்கள், வேறென்ன நினைப்பது? ஒரு நாள் ஷீலா பள்ளிக்கூடப் பையோடு வந்து “அம்மா” என்று கூப்பிட்டபோது செல்வராஜ் வாயடைத்துப்போய் நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு சிஸ்டர் சிரித்த சிரிப்பு, பிரஸ்கள் ஓடும் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவருடைய கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். மாமியாரையும் மகளையும் வைத்துக்கொண்டு அம்பத்தூரிலேயே குடியிருந்தார்.

வந்த சில நாட்களிலேயே அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தகட்டு விளிம்பு பிளேடு மாதிரி. வெட்டுப்பட்டால் நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம். எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்து வீட்டுக்குப் போய்விடுவோம். ஒருவனுக்குக் கை வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஷிப்ட் முடிகிற நேரத்தில் சிஸ்டர் கேட்டருகே வந்து நிற்பார். நாங்கள் வரிசையாக வந்து இரண்டு கைகளையும் விரல்களை விரித்து அவர் முன்னால் நீட்ட வேண்டும். அவர் பார்ப்பார். “சரி, போ” என்பார். அவ்வளவுதான். “கைரேகை பாக்குறாங்கடா, எனக்கு எப்ப கல்யாணம்னு கேளு” என்று கிண்டலடித்தவர்களும் ஒரு மாதத்தில் கேட்டைக் கண்டதும் தானாகக் கையை நீட்டப் பழகிவிட்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு வாசலில் விடைபெறும்போது இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். அவர் ஏதோ வரதட்சணைப் பாக்கி கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

சிஸ்டரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வலி என்று போனால் எல்லா நர்சும் ‘எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது’ என்று கேட்பார்கள். அவர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் “எப்ப வலிக்கல?” என்று கேட்பார். பேக்கிங் பிரிவில் சரோஜா என்று ஒரு பெண். அடிக்கடி மூச்சு முட்டுகிறது என்று வந்து உட்காருவாள். சிஸ்டர் முதலில் அவளை டாக்டரிடம் அனுப்பி நெஞ்சைப் படம் எடுக்கவைத்தார். நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. அதன் பிறகுதான் தன் கேள்வியைக் கேட்டார். சரோஜா யோசித்துவிட்டு, “எங்கம்மா ஊட்டுக்குப் போனா வர்றதில்ல சிஸ்டர்” என்றாள். சொன்னதும் அழ ஆரம்பித்தாள். வீட்டில் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் வாய்திறந்தாள்.

“உடம்புல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் மனச நெனைக்கணும். மொதல்லயே மனசுன்னு சொல்லக் கூடாது” என்று சிஸ்டர் சொல்வார். அந்த விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருக்கும், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் எதுவும் சிக்காது என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு ஒன்று இருக்கிறதே. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் உட்காரலாம். அதனால் ஒரு ஐஸ் குச்சியை உடைத்து வலது பொத்தானின் இடுக்கில் செருகிவிடுவோம். அது அழுந்தியபடியே நிற்கும். இடது கையால் மட்டும் அழுத்திக்கொண்டு வலது கையால் தகட்டை மாற்றலாம். எல்லோரும் செய்தோம். மேற்பார்வையாளர் வரும்போது எடுத்துவிடுவோம். ஷிப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் மெஷினை விடும்போதும் எடுத்துவிட வேண்டும். அது எங்களுக்குள் இருந்த எழுதாத சட்டம்.

அன்றைக்கு நான் எடுக்க மறந்தேன். எனக்குப் பிறகு அந்த மெஷினில் உட்கார்ந்தவன் செல்வராஜ்.

நான் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. ஓடினேன். அவனைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வெளியே போனார்கள், கூடவே சிஸ்டர் துணியை அழுத்திப் பிடித்தபடி ஓடினார். மெஷினைச் சுற்றி யாரும் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில், நான் பொத்தானைப் பார்த்தேன். குச்சி அப்படியே இருந்தது. அதைப் பிடுங்கினேன். வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். கேட்டுக்கு வந்தேன். சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அந்த வழக்கம் வந்ததிலிருந்து யாரும் கையைக் காட்டாமல் வெளியே போன நாள் அது ஒன்றுதான். மூடிய கையோடு ரயில் ஏறி, அண்ணனூர் தாண்டியதும் குச்சியை வெளியே எறிந்தேன்.

செல்வராஜுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பொத்தான்கள் சரியாகத்தான் வேலை செய்கின்றன, செல்வராஜ் முழங்கையால் ஒன்றை அழுத்தியிருக்க வேண்டும், கவனக்குறைவு என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனுக்கு இட்லி ஊட்டினேன். ஊரெல்லாம் ‘நண்பன்னா இவன்தான்’ என்றது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஒரு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அன்று மாலை கேட் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் சிஸ்டர் முன்னால் நீட்டினான். “சரி, போ” என்றார் சிஸ்டர். அடுத்தது நான். இடது கை விரிந்தது. வலது கை விரியவில்லை.

விளையாடுகிறேன் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நான்கூட மரத்துப்போயிருக்கும் என்று உதறினேன். விரல்கள் உள்ளங்கைக்குள் பதிந்துவிட்டன. மறுநாளும் அப்படியே. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள், நரம்பும் எலும்பும் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி கஸ்தூரி வேப்பிலை அடித்தாள், தர்காவில் தாயத்து வாங்கிக் கட்டினாள், பூந்தமல்லியில் யாரோ எண்ணெய் போட்டு நீவுகிறார்கள் என்று அங்கேயும் இழுத்துப்போனாள். நீவியவர் என் விரல்களை நெம்பப் பார்த்து, அவருக்குத்தான் மணிக்கட்டு பிசகியது. சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டேன். என் மகள் “அப்பா, கைக்குள்ள இன்னா வெச்சிக்கினு கீற? காட்டு” என்பாள். அந்தக் கேள்விக்கு எனக்கு வியர்த்துவிடும்.

கம்பெனியில் வேறு பேச்சு ஓடியது. செல்வராஜுக்கு லேசான வேலை கிடைத்ததைப் பார்த்து இவனும் நாடகம் போடுகிறான் என்றார்கள். பர்சனல் மேனேஜர் விசாரணை வைத்து என்னை வேலையை விட்டு அனுப்பவே தயாரானார். அப்போது சிஸ்டர் குறுக்கே வந்து, விசாரணை முடியும் வரை நான் முதலுதவி அறையில் இடது கையால் பஞ்சும் துணியும் மடித்துக் கொடுக்கட்டும் என்று கேட்டு வாங்கினார்.

அந்த அறைக்குச் செல்வராஜ் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருவான். ஒருமுறை, “போன விரலு அரிக்குது சிஸ்டர். சொன்னா எல்லாம் சிரிக்கிறானுங்கோ” என்றான். சிஸ்டர் சிரிக்கவில்லை. “எந்த விரல்?” என்று கேட்டார். “நடுவிரலு.” “அதுக்கு இன்னும் சேதி போகல. கொஞ்ச நாள் ஆகும்” என்றார். அவன் நிம்மதியாகப் போனான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் அங்கிருந்த பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். எழுந்தபோது என் வலது கை வழக்கம்போல் மூடியிருந்தது. ஆனால் அதற்குள் ஏதோ இருந்தது. விரலிடுக்கில் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கட்டுத் துணிச் சுருள் ஒன்று.

“நான்தான் வெச்சேன்” என்றார் சிஸ்டர். “நீ தூங்கும்போது கை தானா விரிஞ்சுது முருகேசா. பூ மாதிரி. முழிக்கப் போறப்ப மூடிக்கிச்சு.”

எனக்கு முதலில் வந்தது பயம்தான். “அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா?”

“நடிக்கிறவனுக்கு, தான் நடிக்கிறோம்னு தெரியும். உனக்குத் தெரியல. நீ மூடல, அது மூடிக்கிது.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “எப்ப வலிக்கலன்னு எல்லாரையும் கேப்பேன். உன்னக் கேக்க வேண்டாம். நானே பாத்தேன். யார் வந்தாலும் உன் கை சும்மா மூடியிருக்கு. செல்வராஜ் வந்தா மட்டும் நகமெல்லாம் வெள்ளையாப் போவுது.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அவர் சும்மா இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. குச்சியைச் செருகியது, பிடுங்கியது, எறிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துக் குழந்தை மாதிரி அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து ‘பரவாயில்லை’ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“எங்கிட்ட சொன்ன, சரி” என்றார். “ஆனா விரல் போனது எனக்கில்லையே.”

செல்வராஜிடம் சொல்லிவிடுவதாக வாக்குறுதி கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நாளை நாளை என்று தள்ளினேன். வேலை போகும், நட்பு போகும், போலீஸ் வரும் என்று ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். அதற்குள் விசாரணை நாள் வந்துவிட்டது.

பர்சனல் மேனேஜரும் வெளியிலிருந்து வந்த விசாரணை அதிகாரியும் மேசைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். சிஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

“நரம்புல ஒண்ணுமில்ல, எலும்புல ஒண்ணுமில்ல. தூங்கும்போது கை திறந்துக்குதுன்னு வேற கேள்விப்பட்டேன். உண்மையா?” என்றார் மேனேஜர்.

“உண்மைதான் சார். நானே பாத்தேன்” என்றார் சிஸ்டர்.

என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லக் கூடாதா இந்த அம்மா என்று மனதுக்குள் திட்டினேன்.

“அப்ப நடிப்புதானே?”

“சார், பாம்பேலேர்ந்து டைரக்டர் வர்ற அன்னிக்கெல்லாம் காலையில நீங்க எங்கிட்ட வயித்தெரிச்சலுக்கு மாத்திர வாங்குறீங்க. மத்த நாள்ல வாங்குறதில்ல. அன்னிக்கு நீங்க நடிக்கிறீங்களா?”

விசாரணை அதிகாரி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். மேனேஜரின் முகம் சிவந்தது. சிஸ்டர் கேலியாகச் சொல்லவில்லை. “உங்க வயிறு எரியறது நெஜம். இவரு கை மூடியிருக்கறதும் நெஜம். பொய் வலின்னு ஒண்ணு கெடையாது சார்” என்றார்.

அதிகாரி கேட்டார்: “இவருக்கு இது ஏன் வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

“சொல்லுங்க.”

“அதச் சொல்ல வேண்டியது நான் இல்ல.”

சொல்லாவிட்டால் உங்கள் வேலைக்கே ஆபத்து என்று மேனேஜர் மிரட்டினார். சிஸ்டர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது என்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். மகளையும் மாமியாரையும் காப்பாற்ற அந்தச் சம்பளத்தை விட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது. கடைசியில் கை சரியாக எனக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். நான் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொரட்டூருக்குப் போனேன். செல்வராஜை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். அவன் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஊட்டுக்குப் போடா” என்றான். “இங்க நிக்காத. நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.”

சினிமா என்றால் அந்த இடத்தில் என் கை திறந்திருக்கும். திறக்கவில்லை. திங்கட்கிழமை முதலுதவி அறைக்குள் போனதும் சிஸ்டரிடம் எரிந்து விழுந்தேன். “சொல்லிட்டேன். அவனும் பூட்டான். கையும் தெறக்கல. நீங்க சொன்னதக் கேட்டேன் பாருங்க!”

“கை தெறக்கறதுக்காகவா சொன்ன?” என்றார்.

அவர் ஸ்டவ்வில் டீக்குத் தண்ணீர் வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். ஷீலாவிடம் கேட்டு, அவள் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

அவர் கணவர் வேலை செய்த இடத்தில் ஏதோ தகராறு. மனிதர் கவலையிலேயே இருந்தார். ஒரு காலை நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றார். ‘ஆபீஸ நெனச்சாலே உங்களுக்கு இப்படித்தான் வருது, வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க’ என்று சொல்லிவிட்டு சிஸ்டர் டியூட்டிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது வாசலில் கூட்டம்.

“நர்ஸ் நான். மனசுன்னு நெனச்சேன். அது நெஞ்சு” என்றார். “அதுக்கப்புறம் ஒரு வருஷம் எனக்குச் சோறு எறங்கல முருகேசா. தொண்டையில ஒரு உருண்ட. கஞ்சித் தண்ணிதான். எல்லா டாக்டரும் ஒண்ணுமில்லன்னாங்க. அவர் நெஞ்சு வலிக்குதுன்னு எங்கிட்ட சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. கடைசியில எங்க மாமியார்கிட்ட சொன்னேன். அவங்க புள்ளதானே அவரு.”

“அவங்க இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மூணு நாள் என் மொகத்தப் பாக்கல. நாலாவது நாள் தட்டு வெச்சுச் சோறு போட்டாங்க. அன்னிக்கும் உடனே எறங்கிடல. அப்புறம் எப்பவோ எறங்குச்சு.” டீயை என் இடது கையில் கொடுத்தார். “சொன்னா சரியாயிடும்னு இல்ல. சொல்லாம சரியாவாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

செல்வராஜ் என்னிடம் ஏழு வாரம் பேசவில்லை. அவகாசம் முடிந்தபோது சிஸ்டர் மறுபடியும் போய் நின்று இன்னொரு மாதம் கேட்டு வாங்கினார். ஒரு மாலை கேட் வரிசையில் எனக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது.

“குச்சிய நான் பார்த்தேன்டா.”

நான் திரும்பினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உக்காந்ததுமே பார்த்தேன். எட்த்துப் போட்டிருக்கலாம். சீக்கிரம் முடிச்சிட்டு ஊட்டுக்குப் பூடலாமேன்னு உட்டுட்டேன். அப்பறம் மெஷின்ல குச்சியே இல்லன்னானுங்கோ. முயங்கையால அமுக்கினேன்னு எழுதிட்டானுங்கோ. நான் பார்த்தது நெஜமா, கனவான்னு இத்தினி நாளு பைத்தியம் புட்ச்ச மாரி கீறேன்டா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“மன்னிச்சுடுடா” என்றேன்.

“அதுக்கு நாளாவும். அவசரப்படாத. வரிசையில நட.”

வரிசையில் நடந்தேன். அன்றும் என் வலது கை மூடித்தான் இருந்தது. அந்த வாரம் சுண்டுவிரல் லேசாக விலகியது. பத்து நாளில் ரயிலில் கம்பியைப் பிடிக்க முடிந்தது. கடைசியாகப் பிரிந்தது ஆள்காட்டி விரல். ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டர் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினேன். உள்ளங்கையில் நகம் பதிந்த தழும்புகள் இருந்தன. ஏதாவது சொல்வார் என்று நின்றேன். எல்லோரையும் பார்ப்பதுபோல் பார்த்தார். “சரி, போ” என்றார். ஆனால் எனக்குப் பின்னால் வந்தவனை வெகுநேரம் காக்கவைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறு வாரம் செல்வராஜும் நானும் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னோம். சிஸ்டர் கூட வந்தார். எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன் கிடைத்தது. செல்வராஜின் பேரில் எழுதியிருந்த கவனக்குறைவை அடித்துத் திருத்தினார்கள். எந்தக் குச்சியையும் செருக முடியாதபடி எல்லாப் பொத்தான்களுக்கும் இரும்பு வளையம் வைத்தார்கள். அந்த வளையம் வைக்கும் வரை சிஸ்டர் மேனேஜரை விடவில்லை.

தொண்ணூறுகளில் கம்பெனி ஆள் குறைத்தபோது அவரும் வெளியேறினார். கொரட்டூரில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் குடும்பத்தோடு போவோம். கேக் தட்டை நீட்டுவதற்கு முன், “எங்க, கையக் காட்டு” என்பார். என் மகள் கல்லூரிக்குப் போகும் வயதிலும் அவர் முன்னால் இரண்டு கைகளையும் விரிப்பாள்.

அடக்கத்தன்று அம்பத்தூர் கல்லறைத் தோட்டத்துக்குப் பழைய பிரஸ் ஷாப்பே வந்திருந்தது. எங்கெங்கோ வேலைக்குப் போனவர்கள், நரைத்துப்போனவர்கள், எண்ணெய்ச் சட்டையோடு பாதி ஷிப்டில் ஓடிவந்தவர்கள். சரோஜா வந்திருந்தாள். சிஸ்டரின் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். சாமியார் ஜெபம் முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட வரிசை கட்டினோம்.

என் முறை வந்தது. வலது கையால் மண்ணை அள்ளிக் குழிக்கு மேலே நீட்டினேன். கை திறக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் அந்தப் பிடி எனக்கு அடையாளம் தெரிந்தது. பின்னால் செல்வராஜ்.

“இன்னாடா?”

“தெறக்கல.”

“அவசரப்படாத. நான் நிக்கிறேன்.”

நான் அழுதேன். அந்தக் காலத்தில் முதலுதவி அறையில் அழுதது எனக்காகத்தான். அன்றைக்குத்தான் அவருக்காக அழுதேன். எப்போது திறந்தது என்று தெரியவில்லை, மண் விழுகிற சத்தம் கேட்டது. நகர வேண்டியதுதானே? நகரவில்லை. இரண்டு கைகளையும் விரல்களை விரித்துப் பெட்டிக்கு முன்னால் நீட்டினேன். நினைத்துச் செய்ததல்ல. ஷிப்ட் முடிந்துவிட்டது, சிஸ்டர் முன்னால் நிற்கிறார், கை தானாக நீண்டது. அடுத்து வந்த செல்வராஜ் மண் போட்டுவிட்டுத் தன் எட்டு விரல்களையும் விரித்துக் காட்டினான். அவனுக்குப் பின்னால் வந்தவரும் காட்டினார். அதற்குப் பின்னால் சரோஜா. வரிசை முழுக்க அப்படியே வந்தது. சாமியார் ஒன்றும் புரியாமல் ஷீலாவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்த மாமியார் கடைசியாகத் தன் சுருங்கிய இரண்டு கைகளையும் மெல்ல நீட்டினார்.

எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டீர்கள்தானே, சிஸ்டர்? எதையும் மூடிவைக்கவில்லை. இத்தனை வருடம் நீங்கள் சொல்லி நாங்கள் வீட்டுக்குப் போனோம். இன்று நாங்கள் சொல்கிறோம். சரி, போய் வாருங்கள்.